பழைய பைக்கை வீட்லயே ஃபுல்லா பிரிச்சு மாட்ட போறீங்களா? முதல் போல்ட்டை கழட்டுறதுக்கு முன்னாடி தயார் பண்ண வேண்டியது எல்லாம்

இருபது முப்பது வருஷ பழைய பைக் ஒண்ணை வீட்ல வச்சே இஞ்சின் வரைக்கும் பிரிச்சு, தேய்ஞ்சதை எல்லாம் மாத்தி திருப்பி மாட்டணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குறது "என்னென்ன டூல்ஸ் வாங்கணும்"னுதான். அதை விவரமாவே சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. பாதி பிரிச்சு மூலைல போட்டு வச்ச வண்டிங்க எத்தனையோ பார்த்திருக்கேன், அதுல வேலை தெரியாததால நின்னது ரொம்ப கம்மி. ஒரு ஸ்க்ரூ தலை மழுங்கிடுச்சு, ஒரு பெரிய நட்டு அசையவே இல்ல, எந்த போல்ட் எங்க இருந்துச்சுன்னு மறந்துடுச்சு, இல்லேன்னா பிரிச்சதுக்கு அப்புறம் பார்ட்ஸ் கிடைக்கல. இந்த நாலுல ஏதோ ஒண்ணுலதான் வேலை நிக்குது. நாலையுமே பிரிக்கிறதுக்கு முன்னாடியே தடுக்க முடியும், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல புக், அப்புறம் பார்ட்ஸ் விசாரணை

உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவலும் பார்ட்ஸ் கேட்லாகும் கைல வந்த பிறகு மத்ததை யோசிங்க. ரெண்டும் வேற வேற. மேனுவல்ல எப்படி கழட்டணும், எவ்ளோ டைட் வைக்கணும், எந்த அளவுக்கு தேய்ஞ்சா தூக்கி போடணும்னு இருக்கும். கேட்லாக்ல ஒவ்வொரு பாகமும் பிரிஞ்சு நிக்கிற மாதிரி படம் இருக்கும், எந்த வாஷர் எந்த பக்கம், எத்தனை ஷிம் (இடைவெளியைச் சரி பண்ண வைக்கிற மெல்லிய தகடு)னு சந்தேகம் வர்றப்போ அந்தப் படம்தான் காப்பாத்தும். கைல கறை இருக்கும், அதனால வேலை செய்யப் போற பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு சுவத்துல ஒட்டிடுங்க.

கேட்லாக் கிடைச்சதும் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செட், ஆயில் சீல், கனெக்டிங் ராடு கிட், கிளட்ச் பிளேட் இதெல்லாம் இன்னமும் கிடைக்குதான்னு விசாரிச்சுடுங்க. வாங்க வேணாம், இருக்கான்னு தெரிஞ்சா போதும். ஓடிக்கிட்டு இருக்குற வண்டிக்கு ராடு கிட் எங்கயுமே இல்லேன்னு இப்பவே தெரிஞ்சா, அடியில பிஸ்டனோட அசைவைச் சுத்தலா மாத்துற கிராங்கை தொடாம, மேல இருக்குற ஹெட்டும் (சிலிண்டர் மூடி) பிளாக்கும் (சிலிண்டர்) மட்டும் பார்த்துட்டு நிறுத்திக்கலாம்.

இடம், வெளிச்சம், தீ

வண்டியைச் சுத்தி நாலு பக்கமும் நீங்க உக்காந்து நகர்ற அளவுக்கு இடம் வேணும். மழை, தூசி படாத இடம், ஒரு மாசம் ரெண்டு மாசம் அப்படியே கிடந்தாலும் யாரும் எடுத்து ஒதுக்கி வைக்காத இடம். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், பிரிச்சு அடுக்கி வச்ச சாமானை வேற யாரோ "ஒழுங்கு" பண்ணிட்டா அவ்ளோதான். தரை சிமெண்ட்டா இருந்தா ஒரு பெரிய வெளிர் நிற ஷீட் விரிங்க, கீழ விழுற சின்ன சர்க்ளிப்பும் (பள்ளத்துல உக்காந்து பாகத்தை நகராம பிடிக்கிற வளையம்) ஸ்பிரிங்கும் அப்பதான் கண்ணுக்குத் தெரியும். வேலைக்கு இடுப்பு உயர மேஜை, அதுல கெட்டியா போல்ட் பண்ணின ஒரு பென்ச் வைஸ், வைஸ் தாடைக்கு அலுமினியத் தகடு இல்ல செம்புத் தகடு. தலைல மாட்டுற எல்இடி லைட் ஒண்ணு வாங்கிட்டா ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும்.

பெட்ரோல் விஷயத்துல விளையாடவே கூடாது. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி பக்கத்துலயே தீப்பிடிக்கிற அளவுக்கு வந்துடும், அதோட அது காத்தைவிட கனம், தரையோட தவழ்ந்து போய் அடுத்த ரூம்ல எரியிற அடுப்பையோ ஹீட்டரையோ தொடும். அதனால டேங்க்கையும் கார்புரேட்டரையும் வெளிய திறந்த இடத்துல காலி பண்ணி, டேங்க்கை வேலை இடத்துல இருந்து தூரமா வச்சிடுங்க. பார்ட்ஸ் கழுவ பெட்ரோல் வேணாம், மண்ணெண்ணெய் இல்ல டீசல் போதும், அதுவும் காத்தோட்டத்துல. டிரை பவுடர் தீயணைப்பான் ஒண்ணு கை எட்டுற இடத்துல, கதவு பக்கமா. பேட்டரியை முதல் நாளே கழட்டுங்க, பாடியோட சேர்ற எர்த் ஒயரை முதல்ல எடுத்துட்டா ஸ்பேனர் தப்பி ஃப்ரேம்ல பட்டாலும் பொறி வராது.

இன்னும் ரெண்டு. பழைய பிரேக் ஷூ, பழைய கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியை காத்தடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணியால தொடைங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச பாகத்துல வெல்டிங்கோ கேஸ் நெருப்போ காட்டினா பாஸ்ஜீன்னு ஒரு விஷவாயு வரும், உயிருக்கே ஆபத்து. கண்ணாடி, நைட்ரைல் கிளவுஸ் எப்பவும் போடுங்க, ஸ்பிரிங் கழட்டுறப்போ கண்ணாடி இல்லாம கிட்ட போகாதீங்க.

ஸ்பேனர், சாக்கெட்

நூத்தைம்பது பீஸ் பெட்டி வாங்க வேண்டாம். பழைய ஜப்பான் டைப் வண்டிக்கு 8, 10, 12, 14, 17 இந்த அஞ்சு சைஸ்தான் முக்கால்வாசி வேலையை முடிக்கும், ஆக்சில் மாதிரி பெரிசுக்கு 19, 22, 24ன்னு வரும். இந்த சைஸ்ல நல்ல ரிங் ஸ்பேனர், 3/8 இன்ச் சாக்கெட் செட், பெரிய நட்டுக்கு 1/2 இன்ச்ல நீளமான கைப்பிடி. சாக்கெட் கண்டிப்பா ஆறு பட்டையா இருக்கட்டும். பன்னெண்டு பட்டை சாக்கெட் நட்டோட மூலையை மட்டும் பிடிக்கும், துருப்பிடிச்ச நட்டுல அது வழுக்கி மூலையை உருண்டையாக்கிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இஞ்சின் பக்கமே கொண்டு போகாதீங்க.

பழைய பிரிட்டிஷ் வண்டின்னா கதையே வேற. அதுல விட்வொர்த் சைஸ் வரும், ஜோசப் விட்வொர்த் 1841ல கொண்டு வந்த மரை அளவு அது. அதோட மரை கோணம் 55 டிகிரி, மெட்ரிக்ல 60. அந்த ஸ்பேனர்ல பொறிச்சிருக்குற எண் போல்ட்டோட கனத்தைச் சொல்றது, நட்டோட பட்டை அகலத்தை இல்ல, அதனால மெட்ரிக் ஸ்பேனரை "கிட்டத்தட்ட சரியா இருக்கே"ன்னு போட்டா நட்டு மழுங்கிடும். தப்பான மரை போல்ட்டை ரெண்டு சுத்து உள்ள ஏத்தி பலம் கொடுத்தா அலுமினிய ஓட்டைல மரை மொத்தமா வாரிக்கிட்டு வந்துடும். உங்க வண்டி எந்த மரைன்னு மேனுவல்ல பார்த்துட்டு அந்த செட்டையே வாங்குங்க, ஒரு மரை கேஜும் சேர்த்து.

ஸ்க்ரூ தலை மழுங்குற பிரச்சனை

இதை கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லணும், ஏன்னா நான் முதல் தடவை பிரிச்சப்போ கிளட்ச் கவர்ல ஒன்பது ஸ்க்ரூல நாலு தலை போச்சு. நாலையும் டிரில் போட்டு எடுக்க ஒரு முழு ஞாயித்துக்கிழமை ஆச்சு, அதுல ஒண்ணுல டிரில் வழுக்கி கவர் மேலேயே ஒரு கோடு விழுந்துடுச்சு.

காரணம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. ஜப்பான் வண்டில இருக்குற பிளஸ் ஸ்க்ரூ பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா அது ஜே.ஐ.எஸ், அதாவது ஜப்பான் தொழில் தர அளவு. சில ஸ்க்ரூ தலைல பிளஸ் பக்கத்துல குட்டியா ஒரு புள்ளி குத்தியிருக்கும், அதுதான் அடையாளம், புள்ளி இல்லேன்னாலும் பழைய ஜப்பான் வண்டின்னா அதுன்னே வச்சுக்கலாம். பிலிப்ஸ் டிரைவரோட நுனி அதுல முழுசா இறங்காது, அடி தட்டாம ஓரத்துல தொத்திக்கிட்டு நிக்கும், திருகினதும் மேல ஏறி வழுக்கும். ஜே.ஐ.எஸ் டிரைவர் செருகினா பொருந்துறது கைலயே தெரியும், ஆடாம நிக்கும். இன்ஜின் கவருக்கு பெரும்பாலும் 3ஆம் நம்பர், கார்புரேட்டர்ல 2ஆம் நம்பர்.

கூடவே சுத்தியலால அடிச்சா கொஞ்சமா திரும்புற இம்பாக்ட் டிரைவர் ஒண்ணு வாங்குங்க, கரண்ட்ல ஓடுறது வேணாம், கையால அடிக்கிறது. முறை இதுதான்: ஸ்க்ரூ தலைல இருக்குற மண்ணையும் பெயிண்ட்டையும் கூர்மையான ஊசியால நோண்டி எடுத்துடுங்க, டிரைவரை வச்சு சுத்தியலால நேரா ரெண்டு தட்டு தட்டுங்க, அந்த அதிர்ச்சில மரைல பிடிச்சிருக்குற துரு கொஞ்சம் விடும். அப்புறம் இம்பாக்ட் டிரைவரை கழட்டுற பக்கம் திருப்பி வச்சு, கையாலயும் அதே பக்கம் முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரே ஒரு நல்ல அடி. பத்து சின்ன அடியைவிட ஒரு கனமான அடிதான் வேலை செய்யும். அப்பவும் வரலேன்னா ஹீட் கன் காட்டுங்க. அலுமினியம் சூட்டுல இரும்பைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால கவர் விரிஞ்சு ஸ்க்ரூவை விட்டுக் கொடுக்கும்.

தனி டூல்ஸ்

மேக்னட்டை, அதாவது கிராங்க் முனைல சுத்துற காந்தச் சக்கரத்தை, இழுத்து எடுக்குற மேக்னட் புல்லர் உங்க மாடலுக்கே உரியதா வேணும், மேக்னட் நடுவுல இருக்குற மரைல திருகி ஏத்துறது. மூணு கால் புல்லரை மேக்னட் ஓரத்துல மாட்டி இழுக்கவே கூடாது, காந்தம் கழண்டு வரும் இல்ல விளிம்பு வளையும். அந்த மரை சில வண்டில இடது மரை, வாங்குறப்பவே கேட்டுடுங்க. புல்லரை முழுசா உள்ள ஏத்தி, நடு போல்ட்டை டைட் பண்ணி, போல்ட் தலைல ஒரு தட்டு தட்டினா டக்குனு விடும். உடனே ஷாஃப்ட்ல இருக்குற அரைநிலா கீயைத் தேடி எடுத்து வைங்க, அது மேக்னட்டுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும்.

கிளட்ச் சென்டரைப் பிடிக்கிற டூல் வாங்கலாம், இல்ல பழைய ஸ்டீல் பிளேட் ஒண்ணுல நீளமான பட்டையை வெல்ட் பண்ணி நீங்களே செஞ்சுக்கலாம், நான் செஞ்சதுதான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. உள் சர்க்ளிப், வெளி சர்க்ளிப் ரெண்டுக்கும் பிளேயர். ஃபோர் ஸ்ட்ரோக்னா வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர். ஸ்டீரிங் நட்டுக்கு சி ஸ்பேனர். நைலான் தலை சுத்தியல் ஒண்ணு, ஏன்னா ரெண்டு கேஸ் ஒட்டியிருக்குற இடத்துல ஸ்க்ரூ டிரைவரை நுழைச்சு நெம்பினா அந்த கோடு வழியாத்தான் காலத்துக்கும் ஆயில் ஒழுகும்.

மரை சுத்தம் பண்ண எம்6, எம்8, எம்10 டேப் (6, 8, 10 மில்லிமீட்டர் போல்ட் ஓட்டைல மரை போடுற டூல்) வேணும். எம்10ல 1.25, 1.5ன்னு ரெண்டு பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டர்ல) உண்டு, கேஜ் வச்சுப் பார்த்துட்டு விடுங்க.

எவ்ளோ டைட் வைக்கிறோம்னு அளந்து, வச்ச அளவு வந்ததும் கிளிக் ஆகுற டார்க் ரெஞ்ச் ஒண்ணு போதாது. 5ல இருந்து 25 நியூட்டன் மீட்டர் வரைக்கும் ஒரு சின்னது, அதுக்கு மேல ஒரு பெருசு. சாதாரணமா எம்6 போல்ட் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் தாங்கும், எம்8 இருபத்தி சொச்சம். பெரிய ரெஞ்ச்ல 10 வைக்கப் போனா அது கிளிக் ஆகுறதுக்கு முன்னாடி மரை போயிடும். கழட்டுறதுக்கு டார்க் ரெஞ்ச்சை எடுக்காதீங்க, வேலை முடிஞ்சதும் அளவை கீழ இறக்கி வைங்க, இல்லேன்னா உள்ள இருக்குற ஸ்பிரிங் தளர்ந்து பொய் அளவு காட்டும்.

அளக்குறதுக்கு ஃபீலர் கேஜ், வெர்னியர், மைக்ரோமீட்டர், மல்டிமீட்டர். போர் கேஜ் விலை ஜாஸ்தி, அது இல்லேன்னா பிளாக்கை அளக்க மட்டும் லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிடலாம்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி வண்டியைக் கேளுங்க

வண்டி ஸ்டார்ட் ஆகும்னா பிரிக்கிறதுக்கு முன்னாடி நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டுங்க. எந்த கியர்ல சத்தம், எங்க ஒழுகுது, புகை என்ன கலர், எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. சூடா இருக்கும்போதே பிளக்கை கழட்டி கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்சிலேட்டரை ஃபுல்லா திறந்து, முள் மேல ஏறாம நிக்கிற வரைக்கும் கிக் அடிங்க. ஃபோர் ஸ்ட்ரோக்ல கம்மியா காட்டினா ஒரு டீஸ்பூன் ஆயில் பிளக் ஓட்டை வழியா விட்டு திரும்ப அடிங்க, இப்ப ஏறிச்சுன்னா ரிங், போர் தேய்ஞ்சிருக்கு, ஏறலேன்னா வால்வு இல்ல ஹெட் கேஸ்கெட். எதைத் திறக்கணும்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

அதே சூட்டுல ஆயிலை இறக்குங்க. ஆயிலை மெல்லிய துணி வழியா ஊத்திப் பாருங்க, விரல்ல தேய்ச்சுப் பாருங்க. காந்தத்துல ஒட்டுற துகள்னா இரும்பு, கியர் இல்ல பேரிங். ஒட்டாத வெள்ளி மினுக்குன்னா அலுமினியம், பிஸ்டனையோ கேஸையோ சந்தேகப்படுங்க. பொன்னிறமா மினுக்கினா ஏதோ ஒரு புஷ்.

சைலன்சர் ஸ்டட் (ஹெட்டுல இருந்து நீட்டிக்கிட்டு இருக்குற, தலை இல்லாத போல்ட்) நட்டுக்கு மட்டும் ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும். தினமும் காலைல சாயங்காலம் துருவிடுற ஆயில் அடிங்க. கழட்டுறப்போ கால் சுத்து கழட்டி, கொஞ்சம் திரும்ப டைட் பண்ணி, மறுபடி கழட்டின்னு முன்னும் பின்னும் போங்க, ஒரேடியா முறுக்கினா ஸ்டட் ஹெட்டுக்குள்ளயே ஒடிஞ்சுடும்.

அப்புறம் வாட்டர் வாஷ். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் ஓட்டையையும் பிளாஸ்டிக் வச்சு அடைச்சுட்டு இஞ்சினை ஃபின் இடுக்கு வரைக்கும் தேய்ச்சுக் கழுவுங்க. ஹெட்டைத் தூக்குறப்போ ஒரு மண் துளி உள்ள விழுந்தா புது பிஸ்டன்ல கோடு விழ அது போதும்.

இஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடி பெரிய நட்டுகளை விடுவிங்க

இஞ்சின் ஃப்ரேம்ல இருக்குறப்போ அதைப் பிடிக்க வண்டியோட மொத்த எடையும் இருக்கு. கீழ இறக்கி மேஜைல வச்சுட்டா பிடிக்க ஆள் இல்ல, பலம் கொடுத்தா இஞ்சின் முழுசா உங்களோட சேர்ந்து சுத்தும். நான் இதை யோசிக்காம இஞ்சினை இறக்கிட்டு, முன் ஸ்ப்ராக்கெட் நட்டைக் கழட்ட மட்டும் இஞ்சினைத் திரும்ப ஃப்ரேம்ல ஏத்தி, செயினை மாட்டி, அப்புறம் கழட்டினேன்.

செயின் மாட்டியே இருக்கட்டும். லாக் வாஷர் மடிப்பை உளியால நிமித்துங்க. வண்டியை டாப் கியர்ல போட்டு, ஒருத்தர் பின் பிரேக்கை நல்லா மிதிச்சுப் பிடிக்க, நீங்க நீளமான கைப்பிடியால முன் ஸ்ப்ராக்கெட் நட்டை தளர்த்துங்க. அதே நிலைல கிளட்ச் சென்டர் நட்டும் வரும். மேக்னட் நட்டு, பிரைமரி கியர் (கிராங்க்ல இருந்து கிளட்ச்சைச் சுத்துற கியர்) நட்டு எல்லாத்தையும் இப்பவே ஒரு சுத்து தளர்த்தி, கையால திரும்ப ஏத்தி விட்டுடுங்க. பிரைமரி கியருக்கு ரெண்டு கியர் பல்லுக்கு நடுவுல மடிச்ச செம்புத் தகடு வச்சா லாக் ஆகும், இரும்புத் துண்டு வைக்காதீங்க, பல்லு உடையும். எது இடது மரைன்னு மேனுவல்ல பார்க்காம எதுலயும் ஆள் பலத்தைக் காட்டாதீங்க.

பிளக் ஓட்டைல கயிறு விட்டு பிஸ்டனைத் தடுக்குற வழி ஒண்ணு உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு வால்வும் மூடியிருக்குறப்போ செய்யலாம், டூ ஸ்ட்ரோக்ல கயிறு சிலிண்டர் சுவத்துல இருக்குற ஓட்டைக்குள்ள (போர்ட்) போய் பிஸ்டன் விளிம்புல மாட்டும், அதுல வேணாம்.

அட்டை, கவர், போட்டோ

இஞ்சின் கவர் ஸ்க்ரூ எல்லாம் பார்க்க ஒண்ணு போல இருக்கும், நீளம் மட்டும் வேற வேற. நீளமான ஸ்க்ரூவை குட்டை ஓட்டைல போட்டு முறுக்கினா அடியைக் குத்தி கேஸ் விரிசல் விடும், குட்டையானதை ஆழமான ஓட்டைல போட்டா நாலு மரைலதான் பிடிக்கும், அதுவும் வாரிக்கிட்டு வரும். இதுக்கு ஒரு அட்டை எடுத்து கவரோட வடிவத்தை பேனாவால வரைஞ்சு, ஒவ்வொரு ஸ்க்ரூ இருக்குற இடத்துலயும் ஓட்டை குத்தி, கழட்ட கழட்ட அந்தந்த ஓட்டைலயே ஸ்க்ரூவை செருகி வைங்க. அட்டைல "மேல்" "முன்"னு அம்புக்குறி போடுங்க. ஆறு மாசம் கழிச்சு எடுத்தாலும் யோசிக்க வேண்டியது இல்ல.

மத்த சாமானுக்கு ஜிப் கவர். ஒவ்வொரு கவர்லயும் என்ன, எந்தப் பக்கம், என்னைக்கு கழட்டினதுன்னு ஒரு சீட்டு எழுதி உள்ள போடுங்க, வெளிய மார்க்கர்ல எழுதினா மண்ணெண்ணெய் பட்டு அழிஞ்சுடும். ஷாஃப்ட்ல வர்ற வாஷர், ஷிம், கியர் எல்லாத்தையும் வந்த வரிசைலயே ஒரு கம்பில கோத்து ரெண்டு முனையையும் முறுக்கிடுங்க. போட்டோ எடுக்குறப்போ கிட்டத்துல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு, ஒயர், கேபிள் போற பாதை தனியா. கார்புரேட்டர் ஏர் ஸ்க்ரூவை கழட்டுறதுக்கு முன்னாடி மெதுவா கடைசி வரைக்கும் உள்ள ஏத்தி, எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதிடுங்க.

பிரிச்ச பிறகு என்ன வாங்கணும்

கேஸ்கெட், ஆயில் சீல், பிஸ்டன் பின் சர்க்ளிப், லாக் வாஷர் இதெல்லாம் பழசு எவ்ளோ நல்லா இருந்தாலும் திரும்பப் போடாதீங்க. செம்பு வாஷரை மட்டும் சிவக்க சூடு பண்ணி ஆற விட்டா திரும்ப மிருதுவாகிடும், போடலாம். சீல்ல எண் இருக்கும், 25 40 7ன்னா உள் அளவு 25, வெளி 40, கனம் 7 மில்லிமீட்டர். பேரிங்லயும் அப்படித்தான், 6204ன்னா கடைசி 04ஐ அஞ்சால பெருக்கினா உள் ஓட்டை 20 மில்லிமீட்டர், 6205ன்னா 25. எண்ணுக்குப் பின்னாடி சி3ன்னு இருந்தா அது சூட்டுல விரியறதுக்காக கூடுதல் இடைவெளி விட்டது, புதுசும் சி3யாத்தான் இருக்கணும்.

பிளாக்கை மேல, நடு, கீழன்னு மூணு உயரத்துல, ஒவ்வொண்ணுலயும் கிராங்க் வாக்குல ஒண்ணு குறுக்க ஒண்ணுன்னு மொத்தம் ஆறு அளவு எடுங்க. மேனுவல்ல சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தா ரீபோர், அதாவது சிலிண்டரைக் குடைஞ்சு பெருசாக்கணும். இங்க நிறைய பேர் அவசரப்பட்டு முதல்ல போர் பண்ணிட்டு அப்புறம் பிஸ்டன் தேடுறாங்க, கிடைச்ச பிஸ்டன் ஒரு நூல் வித்தியாசத்துல லூஸா நிக்கும். ஓவர்சைஸ் பிஸ்டனை முதல்ல வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்து லேத்ல கொடுங்க, அவங்க அந்தப் பிஸ்டனையே அளந்து இடைவெளி விட்டு போர் பண்ணணும்.

சுத்தம் பண்ண பிசிறு விடாத பனியன் துணி, கேஸ்கெட் சுரண்ட பிளாஸ்டிக் இல்ல பித்தளைத் தகடு, ஜெட் அடைப்புக்கு காத்து. ஜெட்ல இரும்புக் கம்பி விட்டா ஓட்டை பெருசாகி மிக்ஸிங்கே மாறிடும். அலுமினிய பாகத்தை காஸ்டிக் சோடால ஊறப் போடாதீங்க, அது அலுமினியத்தையே தின்னுடும். பிளாக்கைத் தூக்கினதும் முதல் வேலையா கிராங்க் கேஸ் வாயை ராடைச் சுத்தி ஒரு பெரிய சிவப்புத் துணியால அடைச்சுடுங்க, சிவப்புன்னா மாட்டுறப்போ உள்ள மறந்து விட மாட்டீங்க. அதுக்கு அப்புறம்தான் பிஸ்டன் சர்க்ளிப்ல பிளேயரை வைக்கணும், அதுவும் மேல ஒரு விரலை அணைச்சு வச்சுக்கிட்டு.